டீச்சர் முதல் இடத்துக்கு வந்த சண்டை

டார்க்கஸ்ட் டன்ஜன் என்ற வீடியோ கேமில் நம் ஹீரோக்கள் நாலு பேர் வரிசையாக நின்று சண்டை போடுவார்கள். அவர்களின் பெயரை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். வெஸ்டல் என்ற துறவி வகை ஹீரோவுக்கு டீச்சர் என்று வைத்திருந்தேன். நான்காவது இடத்தில் நின்று, அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவது அவர் வேலை. ஒரு சண்டையில் எதிரிகள் எதிர்பாராமல் பாய்ந்ததில் வரிசை கலைந்துவிட்டது. டீச்சர் முதலில், முன்னால் நின்று வாள் வீச வேண்டிய க்ரூசேடர் கடைசியில்.

முதல் இடத்தில் நின்றால் டீச்சரால் உயிர் ஏற்றும் டிவைன் கிரேஸ் திறனைப் போட முடியாது. கையிலிருக்கும் தண்டத்தால் ஒரு சாத்து சாத்தலாம், அவ்வளவுதான். கடைசியில் மாட்டிக்கொண்ட க்ரூசேடரால் அங்கிருந்து அடிக்க முடிந்தது ஹோலி லான்ஸ் மட்டுமே. அடித்தால் ஓர் இடம் முன்னால் வருவார். நல்லவேளையாக அந்தத் திறனைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அவர் மெல்ல மெல்ல முன்னேறி வர, டீச்சர் பின்னால் போய்ச் சேர மூன்று சுற்று ஆனது. 2016இல் வெளியான இந்த விளையாட்டை இன்னும் நான் அழிக்காமல் வைத்திருப்பது அந்த மூன்று சுற்றுகளுக்காகத்தான்.

யார் எங்கே நிற்கிறார், எந்த அடி எந்த இடத்தை எட்டும் என்பதுதான் இங்கே சண்டையே. பிணங்களும் கணக்கில் வரும். முன்னால் நிற்பவனைக் கொன்றால் அவன் பிணம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் கோப்பையோடு நின்று மன அழுத்தத்தை ஏற்றும் எலும்புக்கூடு முன்னால் நகராது. ஆனால் விஷத்தாலோ ரத்தப்போக்காலோ செத்தால் பிணம் மிஞ்சாது. இது புரிந்த நாளிலிருந்து விஷம் வீசும் பிளேக் டாக்டர் ஹீரோ இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். அதிர்ஷ்டத்தைப் பலரும் திட்டுவார்கள். எனக்கு அதில் பெரிய புகார் இல்லை. உயிர் பூஜ்யமானாலும் ஹீரோ உடனே சாவதில்லை. அடுத்து விழும் ஒவ்வொரு அடியையும் தாங்க அடிப்படையில் 67 சதவீத வாய்ப்பு உண்டு. ஏமாற்றினாலும் சொல்லிவிட்டு ஏமாற்றுகிறது.

எனக்கு எரிச்சல் ஒரே ஓர் எதிரி மிஞ்சும்போதுதான். சண்டைக்கு வெளியே உயிர் ஏற்ற வழி குறைவு. அதனால் நாலு பேர் சுற்றி நின்று, ஒரு நோஞ்சான் எலும்புக்கூட்டைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வோம். ஒருவர் அவனை மயக்கத்திலேயே வைத்திருப்பார், டீச்சர் எல்லோருக்கும் உயிர் ஏற்றுவார், மீதிப் பேர் சும்மா நிற்பார்கள். இதைத் தடுக்கத்தான் இழுத்தடித்தால் மன அழுத்தம் ஏறும், புது எதிரிகள் வருவார்கள் என்று வைத்திருக்கிறார்கள். அது வெறும் ஒட்டுப்போடும் வேலை. எத்தனை சுற்று வரை இழுக்கலாம் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோமே! பயம் போய் குமாஸ்தா வேலை ஆகிவிடுகிறது.

2023இல் வந்த இரண்டாம் பாகத்தில் குணப்படுத்தும் திறன்கள் பலவற்றை, உயிர் ஓர் அளவுக்குக் கீழே போனால்தான் பயன்படுத்த முடியும். அதுதான் சரியான மருந்து. ஆனால் முதல் பாகத்தின் அந்த இருட்டு எனக்கு அதில் கிடைக்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

டீச்சர் அன்றைக்குப் பிழைத்தார். இரண்டு வாரம் கழித்து, இப்படி இழுத்தடித்துக்கொண்டிருந்த ஒரு சண்டையில்தான் போய்ச் சேர்ந்தார். இன்னும் ஒரு சுற்று தாங்கும் என்று நினைத்தது நான்தான்.