ஆறு வளைத்த டர்ஹாம்

லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ரயிலேறும் சுற்றுலாப் பயணிகள் பலர் இறங்காமலே கடந்துவிடும் டர்ஹாம் நகரில் ஓரிரு நாளாவது தங்க வேண்டும் என்பேன். வியர் ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் மேட்டில், 1093இல் கட்டத் தொடங்கிய பேராலயம் நிற்கிறது. அருகிலுள்ள கோட்டையுடன் சேர்த்து 1986இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. உள்ளே சென்றதும் பலிபீடத்துக்கு விரையாமல், பருத்த தூண்களின் அருகே சற்று நில்லுங்கள்: ஒன்றில் நெளிகோடுகள், அடுத்ததில் சாய்சதுரங்கள் எனக் கல்லில் ஆழமாக வெட்டிய கோலங்கள் அவ்வளவு அழகு. வடக்கு வாசற்கதவில் விலங்குமுக வெண்கல வளையம் ஒன்று தொங்குகிறது (அசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது). இடைக்காலத்தில் அதைத் தட்டி அடைக்கலம் கேட்ட குற்றவாளிக்கு 37 நாள் பாதுகாப்புக் கிடைத்தது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம்.