பிறையில வேலிக்கு ரெண்டு பக்கமும் பேக்டரிதான்

மலேசியாவுல, பினாங்கு பிறை இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல வேலை செய்றவங்க தினம் பாக்குறதுதான், ஒரு பேக்டரி கேஸ் எரிச்சு பாய்லர் ஓட்டும், பக்கத்து பேக்டரி சூட்டு தண்ணிய கூலிங் டவர்ல ஆத்தி அந்த சூட்ட அப்படியே காத்துல விடும். நடுவுல ஒரு வேலிதான். அந்த சூட்ட வெச்சு பாய்லருக்குள்ள போற தண்ணிய கொஞ்சம் முன்னாடியே சூடாக்கினா கேஸ் பில்லு குறையும், ஆனா ரெண்டு கம்பெனி ஆளுங்களும் பேசிக்கிட்டாதானே.

டென்மார்க்ல காலுண்ட்போர்க்னு ஒரு சின்ன ஊரு. அங்க நிலத்தடி தண்ணி கம்மி, அதனால 1961ல ஏரித் தண்ணிய பைப் போட்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு கொண்டு வந்தாங்க, அப்புறம் 1972ல அந்த ஆலை வீணா எரிச்சுட்டு இருந்த கேஸ் பக்கத்து ஜிப்சம் போர்டு (சுவர், சீலிங் பலகை) கம்பெனிக்கு போச்சு, பின்னாடி பவர் ஸ்டேஷனோட ஸ்டீம் இன்சுலின் செய்ற கம்பெனிக்கு போச்சு, புகைய சுத்தம் பண்றப்ப கிடைச்ச ஜிப்சமும் அதே போர்டு கம்பெனிக்கு. கவர்ன்மெண்ட் யாரும் பிளான் போட்டு குடுக்கல, மேனேஜர்ங்க ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவங்க, லாபம் வரும்னு ஒவ்வொண்ணா காண்ட்ராக்ட் போட்டுக்கிட்டாங்க. ஸ்டீம் ரொம்ப தூரம் போனா சூடு செத்துடும், அதனால இது பக்கத்து பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மட்டுமே அமையிற வாய்ப்பு.

நம்ம ஊர்ல இத எங்க ஆரம்பிக்கலாம்? ஸ்லட்ஜ், சால்வெண்ட் மாதிரி ஷெட்யூல்டு வேஸ்ட்ட, அதாவது சட்டம் பட்டியல் போட்டு வெச்சிருக்கிற ஆபத்தான கழிவ, நினைச்ச மாதிரி பக்கத்து பேக்டரிக்கு தள்ள முடியாது, 2005 சட்டம் இருக்கு, 180 நாளுக்கு மேல ஸ்டோர்ல வெச்சிருக்கவும் கூடாது, அந்த கட்டுப்பாடு தேவைதான்னு நான் நினைக்கிறேன். தண்ணியில ஆரம்பிக்கலாம். பினாங்குக்கு வர்ற தண்ணியில பெரும்பங்கு ஒரே ஆத்துல இருந்து, சுங்கை மூடா. 2024 ஜனவரியில தண்ணி கட் பண்ணப்ப எல்லாருமே தவிச்சோம் லா. எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில ஆர்ஓ மெஷின் (தண்ணி சுத்தம் பண்ற மெஷின்) வெளிய தள்ளுற தண்ணியில உப்பு கூட இருக்கும், குடிக்க ஆகாது, ஆனா டாய்லெட்டுக்கும் தரை கழுவவும் தாராளமா போதும், அதுக்கும் நல்ல பைப் தண்ணியத்தான் ஊத்திட்டு இருக்கோம்!

பயம் இருக்கறது நியாயம்தான். பக்கத்து கம்பெனி ஷட்டவுன் ஆனா நம்ம லைன் நிக்குமே, எவ்வளவு தண்ணி வெளிய போவுதுன்னு சொன்னா புரொடக்‌ஷன் ரகசியம் தெரிஞ்சிடுமேன்னு. முதல் பயத்துக்கு பழைய பாய்லர், பைப் கனெக்‌ஷன் எல்லாம் ஸ்டேண்ட்பைல வைங்க. ரெண்டாவதுக்கு ஃபார்முலா கேக்க வேணாம், எவ்வளவு தண்ணி, என்ன சூடு, எந்த நேரத்துல வரும், இந்த மூணு மட்டும் போதும்.

ஒரே ரோட்டுல இருக்கிற மெயின்டெனன்ஸ் ஆளுங்க மாசம் ஒரு தடவ உக்காந்து இத பேசுங்க, உங்க ரோட்டுல யாராச்சும் ஏற்கனவே செய்றாங்கன்னா கீழ எழுதுங்க, நான் வந்து பாக்குறேன்.