மகனுக்கு வேலை கிடைத்தது. எங்கள் ஓட்டம் அதன்பிறகு தொடங்கியது

என் மகன் எந்த வேலையைச் செய்து முடித்தாலும் நிமிர்ந்து பார்த்து "அப்புறம்?" என்பான். தமிழில்தான். அவன் பேசும் சொற்களே குறைவு. அவற்றில் இது ஒன்று. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள அவனுக்கு இப்போது 24 வயது. கலிபோர்னியாவில் ஒரு பெரிய மளிகைக் கடையில் வாரத்துக்கு 12 மணி நேரம் வேலை செய்கிறான். இங்கே பள்ளியை முடிக்கப்போகும் பிள்ளைகளுள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

இங்கு சிறப்புக் கல்வி 22 வயதுவரை உண்டு. அதோடு பள்ளி வண்டி வாசலுக்கு வருவது நின்றுவிடும். "வீட்டிலேயே இருக்கட்டும், நாம் பார்த்துக்கொள்வோம்" என்றார் என் மாமியார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் பகல் முழுக்க ஒருவன் சன்னலோரம் உட்கார்ந்து பள்ளி வண்டிக்காகக் காத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் 21 வயதிலேயே விண்ணப்பித்தோம்.

நாங்கள் தட்டிய கதவுகள் இரண்டு. ஒன்று, மாநிலத்தின் மறுவாழ்வுத் துறை. மற்றொன்று ரீஜனல் சென்டர். 1969-இல் வந்த லாண்டர்மன் சட்டத்தின் வழியே வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக இயங்கும் 21 மையங்களில் ஒன்றில் என் மகன் சிறுவயதிலேயே பதிவாகியிருந்தான். மறுவாழ்வுத் துறை வேலை தேடித் தரும், கற்றுக்கொடுக்கும் ஆளுக்கும் பணம் கொடுக்கும், ஆனால் காலவரம்போடு. வேலையில் சேர்ந்தபின் அந்த உதவி பொதுவாக 24 மாதங்கள்வரைதான். தேவையென்றால் திட்டத்தில் எழுதி நீட்டலாம். அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் தொடரும் துணைக்குப் பணம் வேறிடத்திலிருந்து வரவேண்டும். எங்களுக்கு அது ரீஜனல் சென்டர்.

இரண்டு இடங்களிலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு திட்டம் எழுதுவார்கள். மறுவாழ்வுத் துறையின் திட்டத்துக்குப் பெயர் ஐபிஇ. ரீஜனல் சென்டரின் திட்டத்துக்குப் பெயர் ஐபிபி. முதல் சில மாதங்கள் இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு மற்றதிலும் அது தானாக ஏறிவிடும் என்று நம்பினேன். ஏறாது. "பயிற்சிக் காலம் முடிந்தபின் துணையைத் தருவது யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?" என்ற கேள்விக்கு இரண்டு தாள்களிலும் விடை இருக்கவேண்டும். அதையும் முதல் கூட்டத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வருமானம் குறைந்த, குறைபாடு உள்ளவர்களுக்கு அமெரிக்க அரசு மாதந்தோறும் தரும் எஸ்எஸ்ஐ உதவித்தொகையை வாங்குபவன் என்பதால், மறுவாழ்வுத் துறையில் தகுதிக்கு அவன் பெரிதாகப் போராட வேண்டியிருக்கவில்லை. விதிப்படி விண்ணப்பித்த 60 நாட்களுக்குள் தகுதி முடிவாகும். அதிலிருந்து 90 நாட்களுக்குள் திட்டம் தயாராக வேண்டும். இந்த நாட்களை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வேலை கிடைத்த முதல் வாரம் நானும் கடைக்குப் போனேன். பின்கட்டில் காலி அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கி அடுக்கவேண்டும். பிறகு ரொட்டி அலமாரியில் பொட்டலங்களை முன்னால் இழுத்து வரிசையாக்க வேண்டும். ஜாப் கோச்சாக, அதாவது வேலையிடத்திலேயே கூட நின்று கற்றுக்கொடுப்பவராக, வந்த இளைஞர் ஆறு படங்கள் ஒட்டிய நீள அட்டை ஒன்றை என் மகனின் இடுப்புப் பட்டையில் மாட்டிவிட்டார். பெட்டி முடிந்தது. "அப்புறம்?" வாயைத் திறந்து பதில் சொல்லப் போனேன், கோச் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்துத் தடுத்தார். அவர் பதில் சொல்லாமல், அடுத்த படத்தை விரலால் தட்டினார். இரண்டாம் மாதம் விரலும் இல்லை, அட்டையைப் பார்வையால் காட்டுவார். நான்காம் மாதம் அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்றார். அதற்குள் என் மகனே "அப்புறம்?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து அட்டையைப் பார்த்துக்கொள்ளப் பழகியிருந்தான். இருபது ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு உடனுக்குடன் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். பதில் சொல்லாமல் நிற்பதும் ஒரு தொழில்திறன் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், பல வீடுகளில் பயமே அங்குதான். சம்பளம் வந்தால் எஸ்எஸ்ஐ அப்படியே நின்றுவிடாது. வேறு வருமானம் இல்லாதவரின் மாதச் சம்பளத்தில் முதல் 85 டாலரைக் கணக்கில் எடுப்பதில்லை. மீதியில் பாதியைத்தான் உதவித்தொகையிலிருந்து கழிப்பார்கள். 885 டாலர் சம்பாதித்தால் 400 டாலர் குறையும், 485 டாலர் கூடுதலாகக் கையில் நிற்கும். அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சம்பள விவரத்தைத் தெரிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னாளில் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். எஸ்எஸ்ஐ வாங்குபவரின் வங்கிச் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது என்பதால் மிச்சத்தைக் கால்ஏபிள் என்ற, குறைபாடு உள்ளவர்களுக்கான தனிச் சேமிப்புக் கணக்கில் போடுகிறோம்.

எட்டு மாதங்களில் அவன் நிலைபெற்றுவிட்டான் என்று முடிவானது. துணைக்கான செலவு ரீஜனல் சென்டருக்கு மாறியது, கோச் வருவது வாரத்துக்கு ஒரு மணி நேரமானது. ஓராண்டு நன்றாகவே போயிற்று. அப்போது கோச் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவரை அனுப்பிக்கொண்டிருந்த நிறுவனம் மூன்று வாரங்களுக்கு யாரையும் அனுப்பவில்லை, எங்களுக்குச் சொல்லவும் இல்லை. அதே நேரத்தில் கடைக்குப் புதிய மேலாளர் வந்து, ரொட்டி அலமாரியைக் கடையின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார். அட்டையில் இருந்த படத்துக்கும் கண்முன் இருந்த இடத்துக்கும் பொருத்தமில்லை. காலியான சுவரின் முன் நின்று "அப்புறம்? அப்புறம்?" என்று அவன் குரல் உயர்ந்துகொண்டே போக, புரியாத சொல்லைக் கேட்டுப் பயந்துபோன ஊழியர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அன்று இரவே ஐபிபி மறுபரிசீலனை வேண்டுமென்று மின்னஞ்சல் அனுப்பினேன். கேட்டதிலிருந்து 30 நாட்களுக்குள் நடத்தியாக வேண்டும். கூட்டத்தில் நான் வாதாடியதெல்லாம் ஒன்றைத்தான்: அவன் வேலையை மறக்கவில்லை, வேலை இடம் மாறிவிட்டது, ஆகவே உதவி நேரத்தைத் தற்காலிகமாகக் கூட்டுங்கள். ஆறு வாரங்களுக்குக் கூட்டினார்கள். கோச் வராவிட்டால் அன்றே எங்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொன்னேன். புதிதாக வந்த கோச்சுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது "அப்புறம்" என்ற சொல்லின் பொருளை. அவர் அதைப் புதிய மேலாளருக்கும், ரொட்டிப் பிரிவிலிருந்த இருவருக்கும் சொன்னார். மறுகோடி அலமாரியைப் படமெடுத்து அட்டையில் ஒட்டினார்.

இப்போது பழையபடி செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் வருகிறார். போன மாதக் கூட்டத்தில், நன்றாகச் செய்கிறானே, அந்த ஒரு மணி நேரத்தையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தேன்.