மற்றும் பலர்

'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்வாரே, அந்தக் காட்சிக்காகப் போன வாரம் ஒரு நண்பரோடு சண்டை. டீக்கடையில் தொடங்கி, டீ ஆறிப்போய், வண்டியை எடுத்த பிறகும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே வந்தோம். அது நாகேஷ் காட்சி என்கிறார் அவர். பாலையா காட்சி என்கிறேன் நான்.

நாகேஷ் பிரமாதம்தான், இல்லையென்று யார் சொன்னது. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளியாக, எடுக்கப்போகிற படத்தின் கதையைச் சொல்கிறேன் பேர்வழி என்று சத்தத்தையெல்லாம் வாயாலேயே போட்டு அந்த மனிதர் செய்கிற அமர்க்களம் இருக்கிறதே, அறுபது வருஷமாக எல்லோரும் அதைத்தான் செய்து காட்டுகிறார்கள். ஆனால் அடுத்த முறை போனில் பார்க்கும்போது நாகேஷைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு டி.எஸ்.பாலையாவை மட்டும் பாருங்கள். திரையில் பேய் கிடையாது. மகன் சொல்கிற கதையைக் கேட்கும் ஒரு பணக்கார அப்பா, அவ்வளவுதான். பேய் அவர் முகத்தில்தான் வருகிறது. முதலில் 'இவன் என்ன உளறுகிறான்' என்கிற அலுப்பு, அப்புறம் கொஞ்சம் ஆர்வம், அப்புறம் கண் நிலைகுத்தி, கடைசியில் பெற்ற பிள்ளையைப் பார்த்தே பயம். அவர் மட்டும் பயப்படாமல் உட்கார்ந்திருந்தால் நாகேஷ் செய்ததெல்லாம் வெறும் மிமிக்ரி.

இதுதான் என் சினிமா ரசனை, வேறெதுவும் இல்லை. "பிடிச்ச பத்துப் படம் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் எனக்கு உளறல்தான் வரும். மகேந்திரன் பிடிக்கும், பாலு மகேந்திரா பிடிக்கும், கிரேசி மோகன் வசனம் எழுதிய எந்தப் படத்தையும் எந்த இடத்திலிருந்தும் பார்ப்பேன். ஆனால் நான் ஞாபகம் வைத்திருப்பது படங்களை அல்ல. பேசாமல் நிற்பவர்களை. ஒருவர் பேசும்போது மற்றவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது எனக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. கல்யாண வீட்டிலும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு நாதஸ்வரக்காரர் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த வியாதியை ஒட்டவைத்தது எங்கள் ஆச்சி. அம்பாசமுத்திரம் பக்கம் ஊர். ஆச்சிக்குக் கதாநாயகன், கதாநாயகி இரண்டு பேர் மேலும் அக்கறை கிடையாது. அவர்கள் எப்படியும் சேர்ந்துவிடுவார்கள், அதிலென்ன இருக்கிறது என்பாள். அவள் பார்ப்பதெல்லாம் அண்ணன், கொழுந்தியாள், கணக்குப்பிள்ளை, வாசலில் நிற்கிற கிழவி. அதிலும் எஸ்.என்.லட்சுமி திரையில் வந்துவிட்டால் வெற்றிலைப் பெட்டியைக் கீழே வைத்துவிடுவாள். 'சர்வர் சுந்தர'த்தில் (1964) நாகேஷுக்கு அம்மாவாக வந்தவர் அவர். 26 வருஷம் கழித்து 'மைக்கேல் மதன காமராஜ'னில் ஊர்வசியின் பாட்டியாக வந்து கண்ணில் பட்டதையெல்லாம் சுருட்டிக்கொண்டு போவார். ஆச்சி இரண்டையும் ஒரே ஆளின் ஆயுசாகத்தான் எடுத்துக்கொண்டாள். "ஏலே, இவ நாகேசுக்கு அம்மால்லா? அவன் அவ்வளவு பெரிய ஆளாயிட்டான், இவ இந்த வயசுல களவாண்டுக்கிட்டு அலையுதாளே!" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டாள். நான் சிரித்தேன். இப்போது யோசித்தால் அவள் பார்த்த விதம்தான் சரியோ என்று படுகிறது. நாயகர்கள் ஒவ்வொரு படத்திலும் புதிதாகப் பிறக்கிறார்கள், இவர்கள் மட்டும்தான் ஒரே தெருவில் குடியிருந்து நம் கண்ணெதிரே வயசாகிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தக் காலத்து டிவி இவர்களுக்குச் செய்த அநியாயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் 'ராஜ ராஜ சோழ'னோடு (1973) சினிமாஸ்கோப் வந்தது. ஸ்கோப் படத்தின் உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 2.35 பங்கு. வீட்டில் இருந்ததோ டப்பா டிவி, அகலம் 1.33 பங்குதான். திரை முழுக்கப் படம் தெரிய வேண்டும் என்று நடுவை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் வெட்டிவிடுவார்கள். கணக்குப் போட்டால் படத்தில் நூற்றுக்கு 43 பங்கு காலி. நடுவில் யார் நிற்பார்கள்? ஹீரோ. ஓரத்தில் யார்? அதேதான். பல காட்சிகளில் ஆளே தெரியாமல் குரல் மட்டும் வரும், ஒரு தோள்பட்டையும் அரை மீசையும் எட்டிப் பார்க்கும், ஆச்சி தலையைச் சாய்த்து டிவிக்குப் பின்னால் அந்த ஆள் நிற்கிறாரா என்கிற மாதிரிப் பார்ப்பாள். இப்போது காரியம் தலைகீழ். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரம். அவற்றை அகலமான டிவிக்காக மேலும் கீழும் நறுக்கி இணையத்தில் ஏற்றி, 'எச்டி' என்று வேறு போட்டுவிடுகிறார்கள். கால் பங்கு படம் போய்விடுகிறது. பின்வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தலை இல்லை.

சரி, பாலையாவுக்கு வருகிறேன், அவரை விட மனசில்லை. 1936இல் 'சதி லீலாவதி'யில் வில்லனாக அறிமுகமானவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அதற்கப்புறம் முப்பது வருஷம் கெட்டவர், நல்லவர், கோமாளி என்று எல்லாம் ஆகி, 1965இல் 'திருவிளையாட'லில் ஹேமநாத பாகவதர். அதில் 'ஒரு நாள் போதுமா' என்று பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைப்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்ன திமிர், என்ன கர்வம், சபையையே பார்வையால் மிதிப்பார். எனக்கு முக்கியம் அது இல்லை. பின்னால் ராத்திரியில் விறகு விற்கிறவன் பாடுவதைக் கேட்கிறாரே, அதுதான். பாடுகிறவர் விறகுவெட்டி வேஷத்தில் வந்த சிவனாக சிவாஜி, படைப்பே தன்னால்தான் நடக்கிறது என்று பாடுகிறார், இயற்கை மொத்தமும் நின்று கேட்கிறது, தந்திரக் காட்சியெல்லாம் வருகிறது. ஆனால் அந்தப் பாட்டு எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரிவது அதைக் கேட்டு மூட்டை கட்டுகிற பாலையாவால். தோற்றுப்போவதற்கு ஆள் இல்லாவிட்டால் கடவுளுக்குக்கூட ஜெயிக்க வழியில்லை!

நண்பர் இந்த இடத்தில் 'உனக்கு நாகேஷைப் பிடிக்காது' என்றார். அபாண்டம். என் கட்சிக்குப் பெரிய சாட்சியே நாகேஷ்தான். 1994இல் 'மகளிர் மட்டு'மில் பிணமாக வந்தார். வசனம் கிடையாது, கண் சிமிட்டக்கூடாது, முகத்தில் ஒன்றும் செய்யக்கூடாது, தமிழ் சினிமாவின் ரப்பர் உடம்பை அசையவே விடாமல் மற்றவர்கள் தூக்கி, சாய்த்து, உட்காரவைத்து அலைக்கழிக்கிறார்கள், தியேட்டர் சிரிக்கிறது. அதே வருஷம் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பன். தேசிய விருது கிடைத்தது அதற்குத்தான், அதுவும் துணை நடிகர் என்ற பிரிவில்.

டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் போனபோது அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து வருஷம் விமானப்படையில் இருந்தவர், டெல்லியில் தமிழ் நாடகம் போட்டவர், அந்த ஊர்ப் பெயரோடு பாலசந்தரிடம் வந்து 400க்கும் மேல் படங்கள். வல்லநாட்டுக்காரர், எங்கள் ஜில்லாப் பக்கம் என்று ஒரு சொந்தம் வேறு. 'பசி'யில் (1979) ரிக்‌ஷாக்காரர், 'அபூர்வ சகோதரர்க'ளில் ஈவிரக்கமில்லாத ஃபிரான்சிஸ் அன்பரசு, 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுச் சமையல்காரர். மூன்றையும் செய்தது ஒரே ஆள் என்று பழக்கமில்லாத ஒருவரிடம் சொன்னால் நம்ப மாட்டார். அன்றைக்கு நான் போட்டுப் பார்த்தது 'சிந்து பைரவி'. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததற்காகப் பாடகர் ஜே.கே.பி.யிடம் (சிவகுமார்) அவமானப்படும் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. வாசிக்க வந்த மனிதருக்கு வாசிக்க இடமில்லை என்று ஆனதும் அந்தக் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் போகிறதே, அது நடிப்பா என்றே எனக்குப் புரியவில்லை. அப்புறம் அதே ஜே.கே.பி. குடியில் விழும்போது நமக்கு முதலில் ஞாபகம் வருவது குருமூர்த்தியின் முகம். படம் முழுக்க சிவகுமாரும் சுஹாசினியும் சுலக்‌ஷணாவும் இளையராஜாவும் நிறைந்திருக்கிறார்கள், எனக்கு ஏனோ இவர்.

இந்த மாதிரி ஆட்களை வேறு எல்லா இயக்குநர்களும் ஓரத்தில் வைத்தார்கள் என்றால் பாலு மகேந்திரா நடுவிலேயே கொண்டுவந்து உட்காரவைத்தார். 'வீடு' (1988) படத்தில் சொக்கலிங்க பாகவதர். நாடக மேடையில் வளர்ந்தவர், பல் போன வயசில் இந்தத் தாத்தா வேஷம். பேத்தி அர்ச்சனா கடன் வாங்கி, கான்ட்ராக்டரிடம் ஏமாந்து, சிமென்ட் திருட்டுப் போய், எப்படியோ பாதி எழுப்பி நிறுத்தியிருக்கிற வீட்டைத் தாத்தா ஒருநாள் தனியாகப் போய்ப் பார்ப்பார். பூசாத செங்கல் சுவர். தடவிப் பார்க்கிறார். இந்த அறை, அந்த அறை என்று கதவே இல்லாத நிலைகள் வழியாக நுழைந்து நுழைந்து வருகிறார். வசனம் இல்லை. பாட்டே இல்லாத படம் அது, பின்னணியில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' மட்டும். வீடு திரும்புமுன் இறந்துபோவார். நான் இதை மூன்று முறை முழுசாகப் பார்த்திருக்கிறேன், நான்காவது முறை அந்த இடம் வந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்போது சொந்த வீட்டுக்கு மாதத் தவணை கட்டத் தொடங்கியிருந்தேன், அது வேறு கதை.

எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். ஹீரோ மெதுவாக நடந்துவர, சுற்றி நிற்கிற பத்துப் பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பது. அந்தப் பத்துப் பேரில் இருபது வருஷம் மேடையில் ஊறிய கலைஞன் ஒருவன் இருப்பான், அவனுக்கு ஒரு பெயர், ஒரு தொழில், ஒரு கோபம் எதுவும் இல்லாமல் 'ஆஹா' முகம் மட்டும் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். முன்னேயும் ஜால்ரா உண்டுதான், ஆனால் அந்த ஜால்ராவுக்கே ஒரு குடும்பம் இருந்தது, கடன் இருந்தது, வி.கே.ராமசாமி வந்து நின்றால் அந்த ஆள் காலையில் என்ன சாப்பிட்டார் என்பது வரைக்கும் தெரியும்.

முழுக்கப் போய்விடவும் இல்லை. 'பார்க்கிங்' படத்தில் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்காக எம்.எஸ்.பாஸ்கர் எவ்வளவு சின்னவராக ஆகிறார் பாருங்கள். வருஷக்கணக்கில் மற்ற நடிகர்களுக்கு டப்பிங் குரல் கொடுத்தவர். அந்தப் படத்துக்குத் தேசிய விருது அறிவித்த அன்றைக்கு எனக்கே கிடைத்த மாதிரி இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள், விளக்குவதற்குள் பாதி காலியாகிவிட்டது.

அப்புறம் தியேட்டர். சில மாதம் முன்னால் ஒரு படம், நடுவில் நாலே நிமிஷம் வருகிற ஒரு பெண்மணி, மாமியார்க்காரி, மருமகள் பேசப்பேச முறுக்குப் பிழிந்துகொண்டே இருப்பார், முறுக்கின் சுற்று மட்டும் கோணிக்கொண்டே போகும். யார் இவர் என்று தெரிந்துகொள்ள, கடைசியில் ஓடுகிற பெயர்களுக்காகக் காத்திருந்தேன். விளக்கைப் போட்டுவிட்டார்கள். துடைப்பத்தோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். நான் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க, பெரிய எழுத்துகள் முடிந்து பொடி எழுத்துகள் வருகிற நேரத்தில் திரை அணைந்தது. வாசலில் இருந்தவரிடம் கேட்டேன், "படம் முடிஞ்சிருச்சு சார்" என்றார் பாவம். அடுத்த ஷோவுக்கு அவருக்கு அவசரம். அந்தக் காலத்துப் படங்களில் பெயரெல்லாம் முதலிலேயே வந்துவிடும், வரிசையாகப் போட்டு இடம் தீர்ந்ததும் 'மற்றும் பலர்' என்று முடிப்பார்கள். அந்தப் பலரில் ஒருவராகக்கூட அந்த அம்மாளை எனக்குத் தெரியவில்லை. படம் ஓடிடிக்கு வந்ததும் நிறுத்தி நிறுத்திப் படித்துக்கொள்வேன்.

நண்பர் இன்று காலை போன் செய்தார். கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தாராம். "ஒத்துக்கிறேன்" என்பதைச் சொல்லாமல், "பாலையாவை மறைச்சுப் பார்த்தாலும் நல்லாத்தான்யா இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், 'சிந்து பைரவி' மறுபடியும். இந்த முறை தம்புரா போடுகிற ஜனகராஜை மட்டும் பார்ப்பதாகத் திட்டம்.