ஊமை கண்ட கனவு

போன வாரம் அக்காவோடு பேங்குக்குப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இவங்க ஊமையா?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அக்காவுக்குக் குரல் தாழ்ந்தால் என்ன, உயர்ந்தால் என்ன? ஊ-வுக்கு உதடு குவியும், அடுத்து மூடித் திறக்கும். சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேர் வாயில் பார்த்த சொல் அது, தூரத்தில் இருந்தே படித்துவிடுவாள்.

செவிடு என்றாலும் அவளுக்கு வலிக்கும். ஆனால் ஊமை என்பது அதைவிடப் பெரிய பொய், பேச மொழியே இல்லாதவள் என்று ஆகிவிடுகிறது. அவளுடைய மொழி இந்திய சைகை மொழி. தமிழை அப்படியே கையால் காட்டுவது இல்லை அது, அதற்கென்று இலக்கணம் உண்டு. 'யார்', 'எங்கே' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வரும், கூடவே முகமும் கேட்கும். 1880-இல் மிலானில் கூடிய ஆசிரியர் மாநாடு பள்ளிகளில் சைகை வேண்டாம், பேச்சுதான் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நூறு வருடம் கழித்து அக்கா படித்த பள்ளியிலும் கையை அசைத்தால் ஸ்கேலால் அடிதான்.

சான்றிதழில் 'செவித்திறன் குறையுடையவர்', பொதுவாக 'மாற்றுத்திறனாளி'. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, காது கேளாதவர் என்றால் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்பது கணக்கு. சரி, பஸ் பாஸுக்கும் உதவித்தொகைக்கும் அது வேண்டும், அவளும் மறுக்கவில்லை. ஆனால் தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'டெஃப்' என்பாள், தமிழில் எழுதினால் 'காது கேளாதவள்'. குறை என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுவாள். அவள் நண்பர்கள் கூடும் இடத்துக்குப் போனால் காரணம் புரியும்: எல்லோருக்கும் ஒரு சைகைப் பெயர் இருக்கும் (அக்காவுடையது தாடை மச்சத்தைத் தொடுவது), அங்கே ஒன்றும் புரியாமல் முழிப்பது நான்தான்.

கட்டபொம்மனின் தம்பியை நாம் ஊமைத்துரை என்றே படித்தோம். அவரோடு போரிட்ட வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதி வைத்திருக்கிறார்: உள்ளங்கையில் சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை அடுக்கி இதுதான் வெள்ளைக்காரன் படை என்று காட்டுவாராம், பிறகு மற்ற கையால் ஒரே வீச்சில் துடைத்துவிடுவாராம். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு. ஒரு படையையே சைகையால் நடத்தியவருக்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்.

'ஊமை கண்ட கனவு' என்று பழமொழி வேறு, வெளியே சொல்ல முடியாததாம். நேற்றுக் காலை அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குள் ஆறு புகுந்ததை, அதில் பாட்டியின் தையல் மெஷின் மிதந்து போனதை இரண்டு கையாலும் சொன்னாள். பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை, மறுபடி முதலில் இருந்து சொல்லச் சொன்னேன்.