ஆச்சியின் முதல் வருஷ நினைவுக்கு: புத்தக வேலைக் குறிப்புகள்

அக்டோபர் 6, ஞாயிறு

ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்து நவம்பர் கடைசியோடு ஒரு வருஷம் ஆகிறது. நினைவு ஆராதனைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு புத்தகம் போட வேண்டும். நம் பக்கத்துச் சபைகளில் வரும் நினைவுப் புத்தகங்களைப் புரட்டினால் ‘பக்தியுள்ள தாயார்’, ‘ஜெபவீராங்கனை’, ‘இரக்க குணமுள்ளவர்’ என்றே இருக்கும். பெயரை மாற்றிவிட்டால் யாருக்கும் பொருந்தும். எத்தனை மணிக்குப் பாய் விரித்து ஜெபித்தாள், எந்தச் சங்கீதத்தை யாருக்காக வாசித்தாள், பிடி அரிசியை எதில் போட்டு வைத்தாள் என்று எழுதினால்தான், அவளைப் பார்க்காத பிள்ளைகளுக்கு அவள் யாரென்று தெரியும். இந்தப் புத்தகம் அப்படி இருக்க வேண்டும்.

அக்டோபர் 9, புதன்

முதல் வேலை அவள் வேதாகமம். பழைய பைண்டிங், முதுகு விட்டுப்போயிருக்கிறது. இப்படிப்பட்ட புத்தகத்தை முழுக்க விரித்து அமுக்கக் கூடாது, தையல் அறுந்துவிடும். இரண்டு அட்டைக்கும் அடியில் துண்டைச் சுருட்டி வைத்துப் பாதியளவே திறக்க வேண்டும். படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி வைத்தால், அழிந்துபோன பென்சில் எழுத்தும் காகிதத்தில் பதிந்த தடத்தால் தெரிகிறது. கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். லேமினேஷனும் வேண்டாம்.

அவள் வாசித்த கணக்கு இது: வார நாளில் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரம்; இந்தக் கணக்கில் வருஷத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். முடித்த தேதியை வெளிப்படுத்தல் கடைசிப் பக்கத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறாள். முதலில் மைப்பேனா, பிறகு பால்பாயிண்ட், கண் மங்கிய பிறகு பெரிய பெரிய எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் அவள் கை மாறவில்லை. ‘லை’யும் ‘னை’யும் கடைசிவரை பழைய தும்பிக்கை வடிவில்தான். டைப் அடித்தால் இது போய்விடும். அந்தப் பக்கத்தைப் படமாகவே போட வேண்டும்.

ஓரக் குறிப்புகளில் தேதியோடு ஒரே ஒரு சொல்தான் இருக்கும். சங்கீதம் 121 பக்கத்தில் ‘பயணம்’. சங்கீதம் 91-இல் ‘காய்ச்சல்’, அதற்கடியில் வேறு நிறத்தில் ‘சுகம்’. 91 இருக்கும் தாளின் கீழ்முனை தேங்காயெண்ணெய் பட்டுக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

பிறந்த தேதி. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, குடும்பத்தில் சொல்வது வேறு. அந்தக் காலத்தில் சேர்க்கைக்கு வயது பொருந்தும்படி வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிடுவது வழக்கம். ஆகையால் ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் நம்ப வேண்டும். கைக்குழந்தையாக இருக்கையில் எழுதியதென்றால் அதில் பிறந்த தேதி தவறாக இருக்க வாய்ப்புக் குறைவு. தாய் தகப்பன் பெயர், ஊர், தகப்பன் தொழில், ஞானப் பெற்றோர் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும்.

எங்கே தேடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சபை பிறகு வேறு சேகரமாக (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதி) பிரிந்திருந்தாலும் பழைய ஏடு பெரும்பாலும் தாய்ச் சேகரத்திலேயே இருக்கும். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் உருவாவதற்கு முன், சபைகள் இரண்டு இங்கிலாந்து மிஷனெரி சங்கங்களின் கீழ் இருந்தன: மெஞ்ஞானபுரம், டோனாவூர் பக்கம் சி.எம்.எஸ்., இடையன்குடி, நாசரேத், சாயர்புரம் பக்கம் எஸ்.பி.ஜி. 2003-இல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து (பேராயரின் ஆளுகைப் பகுதி) தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் தனியானது. ஆச்சி பிறந்தது சாயர்புரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது பாளையங்கோட்டைக்கு மேற்கே. ஆக ஞானஸ்நான ஏடு ஒரு திருமண்டலத்தில், அடக்க ஏடு இன்னொன்றில். சேகரத்து ஐயருக்கு, அதாவது போதகருக்கு, எழுதும் கடிதத்தில் ஞானஸ்நானப் பெயரும், தகப்பன் பெயரும், பிறந்ததாக நினைக்கும் வருஷத்துக்கு முன்னும் பின்னும் மூன்று வருஷமும் குறித்துக் கொடுத்தால் தேடுகிறவருக்கு லேசு. வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொன்னால் கிடைக்காது.

1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேட்டில் இருந்த 40 பேரில் முதல் பெயர் கிளாரிந்தா என்ற விதவைத் தாயார். நெல்லைத் திருச்சபையின் கணக்கே ஒரு பெண்ணில்தான் தொடங்குகிறது. வீட்டுப் பெண்களின் வரியைத் தேடி எடுக்கச் சோம்பல்படக் கூடாது.

அக்டோபர் 19, சனி

பிடி அரிசி, சபைக் காணிக்கைக்கென்று எடுத்து வைப்பது. உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து மூலையிலிருந்த மண்கலயத்தில் போடுவாள். காய்ச்சலில் படுத்திருந்தாலும், “பிடி எடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கஞ்சி குடிப்பாள். பெண் கையில் ஒரு பிடி என்பது ஏறக்குறைய 35 கிராம். இரண்டு வேளை உலை வைத்தால் மாதம் இரண்டு கிலோ. கோயிலில் ஏலம் போட்டுப் பணமாக்குவார்கள். பச்சரிசியும் புழுங்கலும் கலந்தால் யாரும் விலை கேட்கமாட்டார்கள், அதனால் புழுங்கல் மட்டும். வண்டு விழாமல் நாலு காய்ந்த மிளகாய். இப்போது ஒரு வேளைதான் சோறு வைக்கிறோம். வழக்கத்தை விடாத வீட்டிலும் அளவு பாதியாகிவிட்டது.

அலமாரியில் இன்னொன்று இந்திய மிஷனெரி சங்கத்து உண்டியல். 1903-இல் பாளையங்கோட்டையில், நம் ஜனங்கள் தங்கள் காசிலேயே தொடங்கிய சங்கம். முட்டை விற்ற காசு அதில்தான் விழும்.

அக்டோபர் 23, புதன்

வயதான பெண்களிடம் “ஆச்சி எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டால் “தங்கமான மனுஷி” என்பதோடு முடிந்துவிடும். “விடியக்காலம் என்ன செய்வாங்க?” என்று கேட்க வேண்டும். அடுத்த தெருப் பெரியம்மை சொன்னது: “மொத மணி அடிக்கதுக்கு முன்னாலேயே ஒங்க ஆச்சி பாய விரிச்சிருவா. தெருவுல ஒவ்வொரு வீடா பேர் சொல்லி ஜெபிப்பா. எங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூட ஜெபிச்சிருக்கா.” இந்த மூன்று வரியும் அப்படியே புத்தகத்தில் போகும்.

கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்து. அவள் கையளவை நிறுத்து எடுத்தது: வறுத்துத் திரித்த பாசிப்பயறு ஒரு கிலோ, கருப்பட்டி முக்கால் கிலோ, ஈரம் போகச் சிவக்க வறுத்த தேங்காய் இரண்டு, எள் 100 கிராம், சுக்கு, ஏலம். உருட்டி ஒரு நாள் ஆறவிட்டு, மூன்று மூன்றாகப் பச்சரிசி மாவில் தோய்த்துச் சுட வேண்டும். தேங்காயில் ஈரம் இருந்தால் மூன்றாம் நாளே காறல் வாடை. மாவு தண்ணீராக இருந்தால் தோல் விரிந்து கருப்பட்டி எண்ணெயில் இறங்கி, சட்டி முழுக்கக் கருத்துப்போகும். தெருவில் எந்த மதத்து வீடும் விடாமல் தட்டு போகும். தீபாவளிக்கு அந்தத் தட்டு நிறைந்து திரும்பும்.

அக்டோபர் 30, புதன்

கல்லறைக் கல். புதைத்த உடனே கல் பதிக்கக் கூடாது. மண் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையாவது குடித்து இறங்க வேண்டும். இல்லையென்றால் கல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கரிசல் மண்ணில் கோடை வெடிப்பும் சேரும், அங்கே அஸ்திவாரம் இன்னும் ஆழமாக வேண்டும். இந்த வருஷ மழையும் முடிந்து தை மாதத்தில் பதிப்பது நல்லது. நினைவு நாளுக்குச் சிலுவையும் பூவும் போதும்.

வசனம் 2 தீமோத்தேயு 1:5, பாட்டி லோவிசாளின் விசுவாசம் பேரனுக்கு வந்தது பற்றியது. வேதாகமத்தில் அவளே கோடு போட்டிருக்கிறாள். வாட்ஸப்பில் அனுப்பிய எழுத்தைக் கல் வெட்டுகிறவர் வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். அதே அளவில் தாளில் அச்செடுத்து வாங்கி, எழுதிக் கொடுத்தவரல்லாத ஒருவர் எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். அதிகார எண்ணையும் வசன எண்ணையும் வேதாகமத்தைத் திறந்து வைத்தே பார்க்க வேண்டும். தங்க நிறப் பூச்சு நம் வெயிலுக்கு நிற்காது. ஆழமாக வெட்டி வெள்ளை பூசச் சொல்லியிருக்கிறது.

புத்தகம் 16 பக்கம். அச்சகத்தில் நாலு நாலு பக்கமாகத்தான் கணக்கு. இரண்டு பிரதி, ஞானஸ்நான ஏடு இருக்கும் சேகரத்துக்கும் அடக்க ஏடு இருக்கும் சேகரத்துக்கும் கொடுக்க வேண்டும்.