மணலுக்குப் பருவம் தெரியும்

பினாங்கில் பருவமாவது ஒன்றாவது, வெயில், மழை, அவ்வளவுதானே என்பான் ஈப்போவில் இருக்கும் என் அத்தை மகன். கடற்கரைக்கு வந்தால் அலையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறவன் அவன். அலைக்கும் மர நிழலுக்கும் நடுவே கிடக்கும் மணல் பட்டையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். நான் 101ஆம் எண் பஸ் பிடித்து தெலுக் பஹாங் கடற்கரைக்குப் போவதே அந்தப் பட்டைக்காகத்தான்.

வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். மணலில் படரும் அடும்புக் கொடி காலையில்தான் பூக்கும். உச்சி வெயிலில் சுருண்டுவிடும். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. தொண்டைக்குள் எட்டிப் பார்த்தால் நிறம் கறுத்துக்கொண்டே போகும்; இதழில் ஐந்து கோடுகள் நட்சத்திரமாக விரிந்திருக்கும். சங்கப் புலவர்கள் மானடிக்கு ஒப்பிட்ட இலை இதனுடையதுதான். அந்த இலையும் காம்பும் சேரும் இடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள் உண்டு. பூவில் தேன் இருப்பது போதாதென்று அங்கேயும் கொஞ்சம் இனிப்புக் கசியும். அதற்காக எறும்புகள் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கூலி கொடுத்து வைத்த காவல். இலை தின்ன வரும் பூச்சிக்கு அங்கே வரவேற்பு சரியாக இருக்காது.

தேசியப் பூங்காவுக்குள் காட்டுப் பாதையில் நடந்து கெராச்சுட் கடற்கரைக்குப் போனால் பருவம் இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். மணலுக்குப் பின்னால் ஓர் ஏரி. மழைக்காலத்தில் மேலே நன்னீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். வறண்ட மாதங்களில் போனவர்கள், "ஏரி எங்கே?" என்று கேட்டுவிட்டு வருவார்கள். ஏமாற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் வற்றிய தரையைப் பார்ப்பதும் பார்ப்பதுதான்.

அதே கரையில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பச்சை ஆமைகள் முட்டையிட ஏறும். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இருக்கும்; பொரிக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள். பிள்ளை ஆணா பெண்ணா என்பதை மணல் தீர்மானிக்கிறது என்றால் என் அக்கா இன்றுவரை நம்புவதில்லை.

பறவைகளில் எனக்குப் பிடித்தது நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான். மரத்தில் கூடு கட்டும் வேலையெல்லாம் கிடையாது. மணற்பாங்கான தரையில் அலகால் கொத்தி, காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளிச் சுரங்கம் தோண்டி முட்டையிடும். யாராவது நடந்து மிதித்தால் போயிற்று. அதனால்தான் மணல்மேட்டில் கண்டபடி கால் வைக்காதீர்கள் என்று கூட வருகிறவர்களிடம் நச்சரித்துக்கொண்டே இருப்பேன்.

எனக்குக் கோபம் வருவது ஒரே இடத்தில்தான். சுற்றுலாப் பயணிகள் கூடும் ஒரு கரையில் அடும்புக் கொடியை வாரிக் குப்பை மூட்டையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "கரை சுத்தமாக இருக்கணும் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள், அக்கா" என்றார் ஒரு தம்பி. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் கணுவுக்குக் கணு வேர்விட்டு, காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குவதே அந்தக் கொடிதான். மேலே புதைய மணல் விழுந்தாலும் அதற்குள்ளிருந்து தலை நீட்டிவிடும். மேடு கரைந்த பிறகு கல் அடுக்கிக் கரை கட்டுவதற்குப் பணம் ஒதுக்குவார்கள். அதற்கும் மேலேயிருந்துதான் உத்தரவு வர வேண்டும்.

பார்க்கப் போகிறவர்கள் கடல் வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஈர மணலில் சின்ன நண்டுகள் மண்ணை வாயில் சலித்து, உண்டதுபோக மீந்ததைக் குட்டி உருண்டைகளாக வளையைச் சுற்றிப் பரப்பி வைத்திருக்கும். நீங்கள் நடந்தால் அவை உள்ளே ஓடிவிடும். அசையாமல் உட்கார்ந்தால் சற்று நேரத்தில் வேலைக்குத் திரும்பிவிடும். தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம். குரங்குகள் கண்ணில் படும்படி ரொட்டிப் பையைத் திறக்கவும் வேண்டாம்.